பிரபு என்ற ஒரே சொல்

ஐரோப்பியப் புதினங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குப் பிரபு என்பது நன்கு பழகிய சொல். மாண்டி கிறிஸ்டோ பிரபு, டிராகுலா பிரபு, கிளைவ் பிரபு, வெலிங்டன் பிரபு என எல்லாரும் பிரபுக்களே. டியூக், மார்க்விஸ், ஏர்ல் அல்லது கவுண்ட், வைகவுண்ட், பேரன் என்று ஐந்து படிகளாக அந்நாட்டார் நிறுத்திவைத்த ஏணியை நம்மவர் பாயைப்போல் சுருட்டி ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டனர். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. 'பேரன்' என்று ஒலியை அப்படியே எழுதினால் மகனுடைய மகன் வந்து நிற்கிறான். 'கவுண்ட்' என்று எழுதினால் என்ன நேரும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ருஷ்யப் புதினங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய தால்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' நாம் மாணவராக இருந்த நாள்களில் கைவிடாது படித்த நூல். அந்தக் கதையின் ஆந்திரேய் 'கினியாஸ்' என்னும் பட்டம் உடையவர். அதை இளவரசர் என்று பெயர்த்தால், அவருடைய தந்தை எந்த நாட்டு மன்னர் என்று வாசகர் தேடத் தொடங்குகிறார். தந்தையோ தம் பண்ணையில் ஒதுங்கி வாழும் ஓய்வுபெற்ற தளபதி. கோமகன் என்று எழுதினாலும் இதே கதிதான். கோவின் மகன் என்றுதானே பொருள் வருகிறது? பழங்குடிப் பெருமை ஒன்றைத் தவிர அரசுரிமை எதுவும் இல்லாத கினியாஸ்கள் ருஷ்யாவில் நிறைய இருந்தனர். அங்கே பட்டம் மூத்தவனுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போயிற்று என்பதே காரணம். இங்கிலாந்தில் அப்படியன்று. டியூக்கின் மூத்த மகன் டியூக். இளையவன் ஏட்டளவில் சாமானியன்.

மொழிபெயர்ப்பு இலக்கியம் கற்பிக்க நேர்ந்ததால்தான் நாம் இந்தச் சொற்களின் பின்னே அலைந்தோம். அலைந்தபோது முதலில் கண்டது, இவை யாவும் தொடக்கத்தில் வேலையின் பெயர்கள் என்பதே. டியூக் என்பது இலத்தீனில் படைத்தலைவன். கவுண்ட் என்பவன் அரசனுடன் இருப்பவன், தோழன். வைகவுண்ட் அவனுக்குத் துணை. பேரன் என்றால் வெறுமனே ஆள், அதாவது அரசனுடைய ஆள். சார்லமேன் காலத்தில் கவுண்ட் என்பவர் நம் மாவட்ட ஆட்சியரைப்போல அமர்த்தப்படவும் நீக்கப்படவும் கூடிய அலுவலர். கையில் காசு புழங்காத காலமாகையால் ஊதியத்துக்கு மாறாக நிலம் தந்தனர். நிலத்தில் அமர்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் பின் அவன் மகன் அமர்ந்தான். 877ஆம் ஆண்டு இத்தாலியப் படையெடுப்புக்குப் புறப்படுமுன், வழுக்கைத்தலைச் சார்லஸ் என்று வழங்கப்பட்ட மன்னர், இறந்துபோகும் கவுண்டின் இடம் அவன் மகனுக்குச் செல்வதை ஏற்கும் வகையில் ஆணை பிறப்பித்தார். வேலை உரிமையானது, உரிமை பின்னர்ப் பெருமையானது.

ஐந்தில் மார்க்விஸ் மட்டும் நம் ஊருக்கு நெருங்கிய உறவு. மார்க் என்றால் எல்லை. எல்லைப்புறத்தைக் காக்கும் கவுண்ட் மார்க்விஸ் ஆனான். பகைவன் எந்நேரமும் வரக்கூடும் என்பதால், அரண்மனை ஆணைக்குக் காத்திராமல் படை திரட்டும் உரிமை அவனுக்கு இருந்தது. ஆகவே மற்ற கவுண்டுகளைவிட ஒரு படி மேல். ஆஸ்திரியா என்ற நாடே இப்படி ஓர் எல்லை மார்க்காகத் தொடங்கியதுதான். சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையம் தடா, ஆந்திரம். நம் வகுப்பில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. மார்க்விஸ் இங்கு ஒருவர் இருந்திருந்தால் எங்கே குடியிருப்பார் என்று கேட்டோம். 'எளாவூர் சோதனைச் சாவடியில், ஐயா' என்று உடனே விடை வந்தது. சரியான விடை என்றே கருதுகிறோம்.

படிகளின் வரிசையைக் கரும்பலகையில் விளக்க ஆர்தர் வெல்லெஸ்லி ஒருவர் போதும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபோது அவர் ஓர் ஏர்லின் தம்பி, அவ்வளவே. பின்னர் ஸ்பெயினில் நெப்போலியன் படைகளோடு பொருதி 1809இல் வைகவுண்ட், 1812 பிப்ரவரியில் ஏர்ல், அதே ஆண்டு அக்டோபரில் மார்க்விஸ், 1814இல் டியூக் என்று படிப்படியாக ஏறி முடித்தார். அண்ணன் ரிச்சர்டு கவர்னர் ஜெனரலாக இருந்து திப்புவை வென்றதற்காக மார்க்விஸ் ஆனார். ஆனால் அது அயர்லாந்துப் பட்டம்; இங்கிலாந்துப் பட்டம் கிட்டவில்லை என்று அவர் பொருமிக்கொண்டே இருந்தார். இராபர்ட் கிளைவுக்கும் அயர்லாந்துப் பட்டமே வாய்த்தது. 1762இல் பிளாசியின் பேரன் ஆனவர், பட்டத்துக்கு ஓர் ஊர் வேண்டுமே என்று, அயர்லாந்தில் தாம் வாங்கிய நிலத்துக்கே பிளாசி என்று பெயர் வைத்தார். வங்காளத்துப் பலாச மரம் இப்படி அயர்லாந்தில் வேர்விட்டது.

இந்த ஆசைக்குப் பிரபுவாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்கள் அறிவர். நூலும் துணியும் மிளகும் விற்க வந்த கும்பினி வணிகர்கள். அவர்கள் நாடோ மன்னரைத் துறந்த குடியரசு. ஆயினும் கல்லறைப் பலகைகளில் குலச்சின்னங்கள் கேடயம், தலைக்கவசத்தோடு அவ்வளவு நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உயிரோடு இருந்தபோது துலாக்கோல் பிடித்தவர்கள், இறந்தபின் கேடயம் பிடித்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். பட்டம் என்ற சொல்லே நெற்றியில் கட்டும் பொற்றகட்டைக் குறிப்பது. பட்டம் கட்டுதல் என்கிறோம். அதற்கும் முற்பட்ட வழக்கில் படைத்தலைவனுக்கு ஏனாதி, வணிகனுக்கு எட்டி, வேளாண் பெருமக்களுக்குக் காவிதி என்று வேந்தன் பட்டம் வழங்கினான். ஏனாதிக்கு மோதிரம், எட்டிக்குப் பொற்பூ. பட்டத்தோடு நிலமும் உண்டு. எட்டிப்புரவு, காவிதிப்புரவு என்னும் தொடர்களை உரையாசிரியர்கள் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாகத் தருவதைப் படித்திருப்போம். வேற்றுமைத்தொகை விரிப்பதற்காகவே அவற்றை மனப்பாடம் செய்த நாம், ஐரோப்பியர் 'ஃபீஃப்' என்றழைத்த மானியத்துக்கு இதைவிடப் பொருந்திய தமிழ்ச்சொல் இல்லை என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. புரவு என்று எழுதினால் போதும்.

சோழர் காலத்துக்கு வந்தால் பட்டங்கள் பெருவெள்ளம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர், சம்புவரையர், வல்லவரையர் எல்லாரும் அறிமுகமே. கல்வெட்டுகளில் நிலமுடைய வேளாளர் மூவேந்தவேளான் ஆகின்றனர். அந்தண அதிகாரிகள் பிரமராயர் ஆகின்றனர். நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இப்பெயர்களைத் தொகுத்து எண்ணி ஆராய்ந்தபோதுதான், யார் நிலமுடையவர், யார் அலுவலர், எந்த மன்னன் காலத்தில் எது பெருகியது என்பதெல்லாம் தெளிவாயிற்று. நம்மை ஈர்த்தது வேறொன்று. ஐரோப்பியப் பட்டம் ஊர்ப்பெயரைச் சுமக்கிறது. சோழர் பட்டம் அரசன் பெயரைச் சுமக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த தளபதி கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழ பிரமராயன். மும்முடிச்சோழன் என்பது இராசராசனின் பெயர். ஊர்ப்பெயர் கொண்ட பட்டம் அரசன் மாறினாலும் நிற்கும். அரசன் பெயர் கொண்ட பட்டமோ, இவன் யாருடைய ஆள் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதாகும். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துப் பறிமுதலைக் கூறும் உடையார்குடிக் கல்வெட்டில், ரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன் என்று குறிக்கப்படுகிறான். அந்தப் 'பஞ்சவன்' பாண்டியன் அளித்த பட்டமா, பாண்டியனை வென்ற சோழன் அளித்த பட்டமா என்று அறிஞர்கள் இன்றும் பொருதுகின்றனர். ஓர் அடைமொழியில் ஒரு கொலைவழக்கே தொங்குகிறது.

ஊர்ப்பெயர் சுமக்கும் வழக்கு நம்மிடமும் இல்லாமலில்லை. கோவூர் கிழார், அரிசில் கிழார் என்னும் சங்கப் புலவர் பெயர்களில் உள்ள கிழார் ஊரின் உரிமையுடையவரையே குறிக்கிறது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் நம் தொண்டைமண்டலத்துக் குன்றத்தூர்க்காரர். அவருக்குச் சோழன் உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டமளித்தான் என்பது மரபு. உரிமையைச் சொல்லும் பெயர் ஒன்று, அரசன் தந்த பெயர் ஒன்று. நிலைத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் நிலமானிய முறை என்று அழைக்கலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரும்பூசல். இந்தியாவில் அது இருந்ததென்று ஆர்.எஸ். சர்மா 1965இல் நூலே எழுதினார். இருந்ததா என்று ஹர்பன்ஸ் முகியா 1979இல் திருப்பிக் கேட்டார். தமிழாசிரியராகிய நாம் அதில் தலையிடுவதற்கில்லை. ஆயினும் விஜயநகரத்து நாயக்கர்களைப் பார்த்தால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அரசன் நிலத்தைத் தருவான். நாயக்கர் படையை வைத்துக் காத்து, வருவாயில் ஒரு பங்கையும் செலுத்துவார். பதினாறாம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ் இதைக் கண்டு, தம் நாட்டாருக்குப் புரியும் சொல்லில் எழுதியனுப்பினார். சந்திரகிரி மன்னருக்குக் கீழிருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர்தான் 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னப்பட்டினத்துக்கான இடத்தைத் தந்தவர். மன்னருக்குக் கீழே ஒருவர், அவருக்குக் கீழே இன்னொருவர் என்னும் அடுக்கு அது. மேலே இருந்தவரின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கரிடமிருந்து கும்பினியார் மறுபடியும் உறுதி பெற்றனர்.

இந்த அடுக்கைப் பற்றிப் பிரான்சில் ஒரு சட்டமொழி உண்டு. என் ஆளின் ஆள் எனக்கு ஆள் அல்லன் என்பது அதன் கருத்து. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, 'எங்கள் அண்ணன் சிப்காட்டில் வேலை செய்கிறான், ஐயா. கம்பெனிக்கு அவன் பெயர் தெரியாது. காண்டிராக்டருக்குக் கீழே ஒரு காண்டிராக்டர் இருக்கிறார், அவருக்குத்தான் தெரியும்' என்றார். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பாடம் நடத்துவதில் இப்படியும் ஒரு வசதி. பதினோராம் நூற்றாண்டுப் பிரான்சை விளக்க அதிக நேரம் செலவாவதில்லை.

தாமர்லக் குடியினர் காளத்தி சமீன்தார்கள் ஆயினர். இராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு சென்னை ஆளுநராக இருந்தபோது, 1802இல், காளத்தி, வெங்கடகிரி முதலிய பாளையங்களுக்கு நிலையான வரியும் சன்னதும் வழங்கப்பட்டன. படை போயிற்று, பட்டம் நின்றது. சமீன் பிரிபடாமல் மூத்தவனுக்கே சேர 1904இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. அப்போது அவர்கள் ஏறத்தாழ ஆங்கிலப் பிரபுக்களே ஆகிவிட்டனர். 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தோடு அக்கதை முடிந்தது. பின்வந்த அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக எப்பட்டத்தையும் அரசு வழங்கலாகாது என்கிறது. நம் முதுகலைப் பட்டம் தப்பிப் பிழைத்தது அந்த விலக்கினால்தான்.

இனி, கவுண்டுக்கு வருவோம். டிராகுலா கதையைச் சொல்லத் தொடங்கி 'கவுண்ட் டிராகுலா' என்றதுமே பின்வரிசையில் ஒரு குரல், 'கவுண்டரா, ஐயா?' என்றது. வகுப்பு முழுதும் சிரித்தது. இரண்டு சொற்களுக்கும் பிறப்பால் உறவில்லை. ஆனால் பிழைப்பால் உறவு உண்டு என்பதை அந்தச் சிரிப்பு அடங்கியபின் சொன்னோம். கொங்குக் கல்வெட்டுகளில் காமிண்டன் என வருவது ஊர்த்தலைமையின் பெயர். ரெட்டி என்பதும், நாயக்கர் என்பதும், அதன் தெலுங்கு உருவாகிய நாயுடு என்பதும், முதலி என்பதும் தலைமையைக் குறித்தவையே. ஐரோப்பாவில், இங்கிலாந்தில் குறிப்பாக, பட்டம் ஒருவன் தலையிலேயே நின்றது. இங்கே அது கூரையில் விழுந்த மழைபோல் வழிந்து, மகன்கள், பங்காளிகள், பின்னர் ஒரு கூட்டம் முழுவதன்மேலும் பரவிச் சாதிப் பெயராயிற்று. தலைவர்கள் மட்டுமே நிறைந்த சாதிகள் நம்மிடம் பல. தலைமை தாங்கப்பட்டவர்கள் யார் என்று கேட்டால் அடுத்த தெருவைக் காட்டுவார்கள்.

செருமனியர் குடியரசான பின், 1919இல் வைமார் அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களைப் பெயரின் ஒரு பகுதி மட்டுமே என்று ஆக்கியது. சலுகை போயிற்று, ஒலி நின்றது. பக்கத்து ஆஸ்திரியா அதே ஆண்டு அவ்வொலியையும் தடை செய்தது. பத்தாண்டு கழித்து, 1929 பிப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெயருக்குப் பின்வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுமாறு தீர்மானித்தது. மாநாட்டுத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தம் பின்னொட்டைத் துறந்தார். அப்போது ஆரம்பாக்கம் உள்ளிட்ட பொன்னேரிப் பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரியாவில் சட்டத்தால் செய்ததை இங்கே தீர்மானத்தால் செய்தனர் என்பதை, ஐரோப்பாவை மட்டும் படிப்பவர்கள் அறியாமல் போகிறார்கள். நம் வருகைப் பதிவேட்டிலேயே இதன் தடம் இருக்கிறது. தடாவிலிருந்து வரும் பிள்ளைகளின் பெயருக்கு முன்னே வீட்டுப்பெயர், சிலருக்குப் பின்னே பட்டம். ஆரம்பாக்கத்துப் பிள்ளைகளுக்குத் தந்தையின் முதலெழுத்து, பெயர், அத்துடன் சரி. சாதி போய்விட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பதிவேட்டை விட்டுத்தான் போயிருக்கிறது.

ஐந்து பட்டங்களையும் முடித்தபின், அவரவர் ஊரில் இப்படி என்னென்ன படிகள் இருந்தன என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். பெரும்பாலோர் சமீன், மிராசு என்று எழுதி வந்தனர். ஆரம்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூர் மாணவர் தம் ஆயாவைக் கேட்டு எழுதியிருந்தார்: கர்ணம், முன்சீப், தலையாரி, வெட்டியான். ஒவ்வொன்றுக்கும் எதிரே வேலை, மானியம், யாருக்குப் பின் யார் என்று கோடிட்டுக் காட்டியிருந்தார். வகுப்பில் படிக்கச் சொன்னோம். வெட்டியானுக்கு எதிரே, தண்டோரா போடுவது, அதிகாரி வந்தால் மூட்டை சுமப்பது, பிணக்குழி வெட்டுவது, செத்த மாட்டை அகற்றுவது என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

'ஐயா, இவருக்கும் மானியம் இருந்திருக்கிறது. வேலை செய்கிற வரைக்கும் நிலம். அப்பாவுக்குப் பிறகு மகன். கவுண்டுக்கும் இதேதானே சொன்னீர்கள்?'

'இதேதான்' என்றோம்.

'அப்படியென்றால் இதுவும் பட்டம்தானே?'

அது அவருடைய தாத்தாவின் தந்தை பார்த்த வேலை என்பதை அவரே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நாம் உடனே மறுமொழி சொல்ல இயலாமல் சற்று நேரம் சாக்கட்டியை உருட்டிக்கொண்டிருந்தோம். பொறி ஒன்றே என்பதில் ஐயமில்லை: நிலம், அதற்கு ஈடாகப் பணி, பணி குடிவழியாக இறங்குதல். கவுண்டின் மகன் தன்னை எவரும் நீக்கக்கூடாதென்று வாள் எடுத்தான். வெட்டியானின் மகனுக்கு விலகிப் போக வழியிருக்கவில்லை. ஒருவனுக்கு உரிமையாக வந்த குடிவழி இன்னொருவனுக்குத் தளையாக வந்தது. ஏணியின் மேற்படியில் பிடித்திருந்தவனைப் பற்றிப் புதினங்கள் எழுதப்பட்டன. ஏணியைத் தரையில் பிடித்துக்கொண்டு நின்றவனுடைய பட்டம் மட்டும் வசைச்சொல்லாயிற்று. இதைத்தான், இவ்வளவு ஒழுங்காக அன்று, தட்டுத்தடுமாறிச் சொன்னோம்.

'இதையும் பட்டியலில் சேர்க்கலாமா, ஐயா?' என்றார்.

சேர்த்தோம். டியூக்கில் தொடங்கிய கரும்பலகைப் பட்டியல் வெட்டியானில் முடிந்தது. அடுத்த வகுப்புக்கு வந்த வணிகவியல் ஆசிரியர் அதைப் பார்த்து நம்மிடம் ஏதோ கேட்க வாயெடுத்துப் பின் அழித்துவிட்டுப் பாடம் தொடங்கினார்.

ஊர் வேலைகள் பரம்பரையாக இறங்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று ஆந்திரத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980 நவம்பரிலும், ஆந்திரத்தில் 1984இலும் நீக்கப்பட்டன. வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். தேர்வெழுதித்தான் வர வேண்டும். மேலே சொன்ன மாணவர் பட்டம் பெற்றுவிட்டார். இப்போது அந்த நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, இரவில் ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறார். பொதுத்தமிழில் ஐயம் வரும்போது தொலைபேசியில் அழைப்பார். சென்ற வாரம் கேட்டது, புணர்ச்சி விதி.